சந்தேகம் என்றால் இல்லை

முதல் சொட்டு எரியவில்லை. இரண்டாவது லேசாக எரிந்தது. மூன்றாவது விழுந்து, மூக்குக்குப் பின்னால் எங்கோ இறங்கித் தொண்டையில் கசந்தபோதுதான், கண்ணிலிருந்து வாய்க்கு உள்ளேயே ஒரு வழி இருக்கிறது என்று செண்பகவல்லிக்குத் தெரிந்தது. "மூடிக்கோங்க. கூப்பிடுற வரைக்கும் திறக்கக் கூடாது. போனும் பாக்கக் கூடாது," என்று சொல்லி, கையில் கொஞ்சம் பஞ்சைத் திணித்துவிட்டு சிஸ்டர் அடுத்த நாற்காலிக்குப் போனாள். செருப்புச் சத்தம் இரண்டடி நகர்ந்து நின்றது. அண்ணாந்து பாருங்க என்றது அதே குரல், வேறொருவரிடம். மூடுவதற்கு முன் கடைசியாக அவள் பார்த்தது எதிர்வரிசையை. வேட்டி கட்டியவர்கள், பர்தா போட்டவர்கள், பள்ளிச் சீருடையில் ஒரு பெண், எல்லோரும் முகத்தைக் கூரைக்குக் காட்டிக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள், ஒரே மின்விசிறியைக் கும்பிட வந்தவர்கள்போல. இப்போது தானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. சிரிப்பு வந்தது. யாராவது பார்ப்பார்கள் என்று உதட்டை இறுக்கினாள். அப்புறம், யார் பார்ப்பார்கள், எல்லோரும்தான் மூடியிருக்கிறார்களே என்று உதட்டை விட்டுவிட்டாள். மணி மூன்றாக இன்னும் பத்து நிமிஷம் இருக்கும். நாலு மணிக்குள் ரெபேக்கா மேடத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆமா, இல்லை, இரண்டில் ஒன்று.

மூடிய கண்ணுக்குள் இருட்டு இல்லை. ஜன்னல் இருக்கும் பக்கம் சிவப்பு, மற்றப் பக்கம் பழுப்பு, அதற்குள் மணல் தூவினாற்போல் பொடிப்பொடியாக ஏதோ அசைந்துகொண்டே இருந்தது. அது அவளுக்குப் பழக்கமான மணல்தான். பதினோரு மாதமாக, ஞாயிறு தவிர்த்து, தினம் இருநூறு தடவை அந்த மணலுக்குள்தான் அவள் பார்க்கிறாள். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி, அதில் இயற்பியல் துறை, மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஒரு அறை, மூன்று கணினிகள், மூன்று பேர். ஹமீதா, பிரான்சிஸ், அவள். விண்வெளியில் இருக்கும் ஒரு தொலைநோக்கி எடுத்த படங்கள் திரையில் ஒவ்வொன்றாக வரும். ஒவ்வொரு படத்திலும் ஒரு விண்மீன் மண்டலம், எங்கோ தொலைவில், கட்டைவிரல் நகம் அளவு, மணலும் புள்ளியுமாக. நாலு கேள்வி. சுருளா, உருண்டையா? நடுவில் குறுக்கே தண்டு மாதிரி வெளிச்சம் இருக்கிறதா? சுருளுக்கு எத்தனை கை? பக்கத்தில் வேறு ஏதாவது இருக்கிறதா? மூவரும் அதே படத்தைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மாதம் முடிகிற வரை ஒருவருக்கொருவர் அதைப்பற்றி மூச்சு விடக் கூடாது. ஹமீதா டீ குடிக்கும்போதுகூட, "இன்னைக்கு ஒண்ணு பாத்தேன்..." என்று ஆரம்பித்துத் தானே வாயைப் பொத்திக்கொள்வாள். சில படங்கள் சொல்லாமல் மறுபடியும் வரும், பக்கவாட்டில் திருப்பி வைத்து; முன்னால் சொன்ன பதிலையே இப்போதும் சொல்கிறோமா என்று பார்ப்பதற்கு. பேசப் பிடிக்காதவளுக்கு இப்படி ஒரு வேலை கிடைக்கும் என்று எம்.எஸ்ஸி. படிக்கும்போது யாராவது சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள். வாயே திறக்காமல் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கலாம். பார்ப்பதற்குச் சம்பளம். மூன்று திரைகளின் மேலும், இந்த வேலையை நடத்துகிற ரெபேக்கா மேடம் தன் கையால் எழுதி ஒட்டிய மஞ்சள் தாள் இருக்கும். சந்தேகம் என்றால் இல்லை.

"ஏ செண்பா, தலையைச் சாய்ச்சுக்கோட்டி. கழுத்து வலிக்கப் போவுது." இடது பக்கத்திலிருந்து மதினி. அண்ணன் மனைவி முத்துச்செல்வி, மாவுக் கடையை அம்மா தலையில் கட்டிவிட்டுக் கோவில்பட்டியிலிருந்து காலை ஏழு மணி பஸ்ஸில் அவளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். செண்பா போனைப் பார்க்கும்போது ஒரு கண்ணை மூடிக்கொள்வதை முதலில் கவனித்தது அவள்தான். என்னட்டி போனுக்குக் கண்ணடிக்கே, என்று கேலி செய்தாள். மூன்று நாள் கழித்து, கேலி இல்லாமல், ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றாள். பவர் கூடியிருக்கும் மதினி, கண்ணாடியை மாத்தினா சரியாயிரும் என்று செண்பா சொன்னாள். சொல்லும்போது அதை நம்பினாளா? நம்பினாள் என்றுதான் நினைக்கிறாள். சந்தேகம் இருந்தது. சந்தேகம் என்றால் இல்லை.

அந்தத் தாளின் வாசகம் வேலையை விட்டுக் கழன்று எப்போது தன்மேல் ஒட்டிக்கொண்டது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதற்கு நியாயம் உண்டு. மேடம் முதல் நாளே சொன்னாள்: அவ்வளவு தொலைவில் இருக்கிறதைப் பார்க்கும்போது கண் தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளும், இரண்டு புள்ளி இருந்தால் நடுவில் கோடு போட்டுவிடும், ஒரு பொய்யான ஆமாவுக்கு உலகத்தின் பெரிய தொலைநோக்கி ஒன்று மணிக்கணக்கில் வீணாகும், இல்லை என்றால் யாருக்கும் நஷ்டமில்லை. யாருக்கும் நஷ்டமில்லாத அந்தச் சொல் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பழைய செருப்பு மாதிரி காலுக்குச் சரியாக இருந்தது. அதற்கு முன்னாலும் அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தாளோ என்னவோ. ஒன்பதாம் வகுப்பில் கணக்கு டீச்சர் பலகையில் ஒரு கூட்டல் குறியைத் தப்பாகப் போட்டார். கடைசி பெஞ்சிலிருந்து அவள் மட்டும் பார்த்தாள். தான்தான் தப்பாகப் பார்த்திருப்போம் என்று சும்மா இருந்தாள். வகுப்பே தப்பான விடையை எழுதிக்கொண்டது. சாத்தூரிலிருந்து பெண் பார்க்க வந்தவன் நல்லவன் மாதிரிதான் இருந்தான். காப்பி டம்ளரைத் தானே எடுத்துக்கொண்டுபோய் அடுப்படியில் வைத்தான். அவளுக்கு அது பிடித்தது. பிடிச்சிருக்கா என்று மதினி கேட்டபோது, பிடித்தது என்பது இதுதானா என்ற சந்தேகம் வந்து, இல்லை என்று சொல்லிவிட்டாள். அவனுக்கு இப்போது குழந்தை பிறந்திருக்கும். அதைப்பற்றி வருத்தம் ஒன்றுமில்லை. டம்ளர் மட்டும் சில சமயம் நினைவுக்கு வரும்.

ஆனால் 3081 என்று எண் போட்ட படத்துக்கு, தண்டு இருக்கிறது என்று, ஆமா போட்டாள். அதுதான் சிக்கல். மற்றப் படங்களைப் பார்க்கும்போது விரல் யோசிக்கும். அன்றைக்கு விரல் யோசிக்கவில்லை. படம் வந்தது, சுருள், வலது மேல்மூலையில் சின்னதாக ஒரு நட்சத்திரம், அது நம் பக்கத்து நட்சத்திரம், வழியில் நிற்பது, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நடுவில், உருண்டையாக மங்கியிருக்க வேண்டிய இடத்தில், சாய்வாக ஒரு தண்டு. அதன் இரண்டு முனையிலிருந்தும் ஒவ்வொரு கை புறப்பட்டு வளைந்தது. அம்மாவின் கடையில் கிரைண்டர் ஓடும்போது குறுக்கே ஒரு தண்டு கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும். சுற்றிச் சுற்றி வருகிற மாவு அதில் பட்டு மடிந்து, ஓரத்தில் கிடப்பது நடுவுக்குப் போகும். ஆறு வயதில் அதன் முன்னால் அவள் மணிக்கணக்காக நின்றிருக்கிறாள், வாயைத் திறந்துகொண்டு, என்பாள் அம்மா. மண்டலத்தின் தண்டுக்கும் ஏறக்குறைய அதே வேலைதான் என்று பின்னால் படித்தபோது அவளுக்குப் படித்ததுபோல் இல்லை, தெரிந்த ஆளைத் தெருவில் பார்த்ததுபோல் இருந்தது. 3081-லிருந்து அந்த வெளிச்சம் கிளம்பித் தொள்ளாயிரம் கோடி வருஷம் ஆகிறது. சூரியனுக்கே நானூற்றறுபது கோடிதான் வயது. கிளம்பும்போது போய்ச் சேரப்போகிற ஊரே கிடையாது. அவ்வளவு பழைய காலத்தில் மண்டலங்கள் பெரும்பாலும் கலங்கிக் கொந்தளித்துக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு தண்டு நிலைக்க வேண்டுமானால் அதற்குள் ஒரு நிதானம் வந்திருக்க வேண்டும். அத்தனை அமளியில் இது ஒன்று மட்டும் சீக்கிரமே அமைதியாகிவிட்டது என்று அர்த்தம். இருந்தால். இருந்தால்தான். ஹமீதா இல்லை என்று போட்டிருக்கிறாள். பிரான்சிஸும் இல்லை. காலையில் மேடத்தின் செய்தி வந்தது, பஸ் கயத்தாறு தாண்டும்போது. 'செண்பா, 3081-க்கு நீ மட்டும் தண்டு இருக்குன்னு போட்டிருக்கே. பெரிய தொலைநோக்கியில் நேரம் கேட்டு இன்னைக்கு நாலு மணிக்கு விண்ணப்பம் போகுது. நீ உறுதின்னா சேர்க்கறேன். இல்லைன்னா எடுத்துடறேன். வருஷத்துக்கு ஒரு தடவைதான் கேக்க முடியும், தெரியும்ல.' எட்டுத் தடவை அதைப் படித்தாள். இப்போது போன் மதினியின் பைக்குள் இருக்கிறது. படிக்கவே வேண்டாம், வரி வரியாக உள்ளே ஓடுகிறது. நீ மட்டும். நீ மட்டும்.

வலது பக்கத்து நாற்காலி முனகியது. யாரோ கனமான ஆள் அசைந்து உட்கார்ந்தார். டீசல் வாசனையும் விபூதி வாசனையும் கலந்து வந்தது. "யம்மா, எத்தனை மணி இருக்கும்?" என்று இருட்டைப் பார்த்துப் பொதுவாகக் கேட்டார்.

"மூணு அடிக்கப் போவுது அண்ணாச்சி," என்று செண்பாவைத் தாண்டிப் பதில் சொன்னாள் மதினி. மதினிக்குக் கண் திறந்திருந்தது, வாயும் திறந்திருந்தது. பேச ஆள் தேடிக்கொண்டிருந்தாள். "உங்களுக்கு என்ன, புரையா?"

"அட, எனக்கு ஒண்ணுமே இல்லம்மா. லைசென்சு புதுப்பிக்கணும். தண்ணி லாரி ஓட்டுதேன். பேரு சுடலைமுத்து. கண்ணு நல்லாருக்குன்னு ஒரு காயிதம் வாங்கிட்டு வான்னு சொல்லிட்டாங்க. காயிதம் வாங்க வந்த இடத்துல சொட்டை விட்டு உக்கார வச்சிட்டா அந்தப் புள்ள."

"நல்லாருந்தா ஏன் விடுதாக?"

சுடலைமுத்து குரலைத் தணித்தார். தணித்த குரலே அந்த வரிசைக்கு முழுக்கக் கேட்டது. "எழுத்து வாசிக்கச் சொன்னாங்கல்லா. எனக்கு முன்னாடி மூணு பேரு. மூணு பேரும் சத்தமா வாசிச்சான். காது எனக்கு நல்லாவே கேக்கும்."

"அப்ப காதை வச்சுத்தான் வண்டி ஓட்டுதீகளா?"

"இருபத்தொரு வருஷம் ஓட்டியிருக்கேன், ஒரு கோழியை அடிச்சதில்ல."

"எந்த ரோட்டுல ஓட்டுதீகன்னு மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி, நாங்க அந்தப் பக்கம் வரல," என்றாள் மதினி. வரிசையில் எங்கோ மூடிய கண்ணோடு இரண்டு பேர் சிரித்தார்கள். செண்பாவும் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் அது நின்றது. இந்த ஆளாவது காதில் விழுந்ததைச் சொன்னார். அவள் என்ன செய்தாள்?

சொட்டு மருந்துக்கு முன்னால், உள்ளே, திரை போட்ட அந்தச் சின்ன இடத்தில், சிஸ்டர் ஒரு அட்டையைக் கொடுத்தாள். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட அட்டை, கணக்கு நோட்டுத் தாள் மாதிரி, நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. ஒரு கண்ணை மூடிக்கிட்டு நடுப் புள்ளியை மட்டும் பாருங்க, கோடு எங்கயாச்சும் வளைஞ்சு தெரியுதா? வலது கண்ணுக்கு எல்லாக் கோடும் நேராக இருந்தது. இடது கண்ணுக்கு மாற்றியபோது, புள்ளிக்குக் கீழே, கொஞ்சம் இடது தள்ளி, ஒரு கோடு அசைந்தது. அசைந்ததா? ஈரத் துணி காயும்போது ஓரம் சுருங்குமே, அந்த மாதிரி ஒரு சுருக்கம். புள்ளியை விட்டு அதை நேராகப் பார்க்கப் போனால் அதுவும் நகர்ந்தது. திரையில் படத்தைத் திருப்பிப் பார்க்கிற பழக்கத்தில் கை தானாக அட்டையைப் பக்கவாட்டில் திருப்பியது. திருப்பாதீங்கம்மா, நேரா பிடிங்க, என்றாள் சிஸ்டர். வளைஞ்சு தெரியுதா, இல்லையா? வெளியே அறுபது பேர் காத்திருந்தார்கள். சிஸ்டரின் பேனா தாளின் மேல் நின்றிருந்தது. செண்பாவுக்குச் சந்தேகமாக இருந்தது. "இல்லை," என்றாள், "எல்லாம் நேராத்தான் இருக்கு." பேனா ஒரு சின்னக் கோடு கிழித்தது. நேரான கோடு.

பொய் இல்லை. அவள் அதைப் பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை. பதினோரு மாதமாக அந்தக் கேள்விக்கு அந்தப் பதிலைச் சொல்லி நன்றாகப் பழகியிருந்தாள், அவ்வளவுதான். ஆனால் குளியலறை டைல்ஸ் இருக்கிறதே. அவள் தங்கியிருக்கிற ஹாஸ்டலில் இல்லை, ஞாயிறுக்கு ஞாயிறு போகிற கோவில்பட்டி வீட்டில், அண்ணன் போன வருஷம் புதிதாகப் போட்ட வெள்ளை டைல்ஸ். தலைக்குச் சீயக்காய் தேய்த்துக்கொண்டு, தூள் பட்டு வலது கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது, சுவரில் சிமெண்டுக் கோடு ஒரு இடத்தில் உள்வாங்கியிருந்தது. கொத்தனார் வேலை என்று நினைத்தாள். வெளியே வந்து மதினியிடம், அந்த டைல்ஸ் கோணலா இருக்குல்ல என்று கேட்டாள். உங்க அண்ணன் கிட்ட நின்னு பாத்துப் போட்டதுல்லா, கோணலாத்தான் இருக்கும் என்றாள் மதினி. விஷயம் முடிந்தது. ஒரு மாதமாக அந்தக் கொத்தனாரைத் திட்டிக்கொண்டு குளித்திருக்கிறாள். அந்த மனிதர் பேர்கூடத் தெரியாது. பாவம். இப்போது, மூடிய கண்ணுக்குள், சிவப்பும் பழுப்பும் மணலுமாக இருக்கிற இடத்தில், அந்தச் சுருக்கம் எங்கே இருக்கிறது என்று தேடினாள். தெரியவில்லை. ஒன்றும் பார்க்காதபோது அது ஒளிந்துகொள்கிறது. கோடு இருந்தால்தான் வளைக்கும்.

அப்படியானால். நினைப்பு அங்கே வந்து ஒரு முள்ளில் மாட்டிய துணிபோல் நின்றது. அப்படியானால் 3081-இன் தண்டு? நேரானதை வளைக்கிற கண் உருண்டையானதை நீட்டாதா? ஹமீதாவுக்குத் தெரியாத தண்டு, பிரான்சிஸுக்குத் தெரியாத தண்டு, தொள்ளாயிரம் கோடி வருஷத்துக்கு அப்பால் இல்லாமல், இங்கே, இவள் கண்ணின் பின்சுவரில், சரியாகப் பதிக்கப்படாத ஒரு டைல்ஸில் இருக்கிறதோ? பயம் என்று சொல்ல முடியாது, அவ்வளவு வேகம் இல்லை அதற்கு. மாடிப்படியில் இன்னொரு படி இருக்கிறது என்று கால் வைத்து, இல்லாமல் போனால் வருமே, அது. பதினோரு மாதத்தில் யோசிக்காமல் சொன்ன ஒரே ஆமா. அதுவும் இல்லையென்றால் தான் பார்த்ததில் மிச்சம் என்ன? இத்தனை நாள் போட்ட இல்லைகள் எல்லாம் என்ன? மேடத்துக்கு ஒரு வரி அனுப்பிவிடலாம். உறுதியில்லை மேடம், எடுத்துடுங்க. யாருக்கும் நஷ்டமில்லை. 3081-க்கும் நஷ்டமில்லை, அது பாட்டுக்கு இருக்கும், யாரும் திரும்பிப் பார்க்காமல், அதன் நிதானத்தோடு. அடுத்த வருஷம் வேறு யாராவது பார்ப்பார்கள். பார்க்காமலும் போவார்கள். நஷ்டமில்லை என்று மறுபடி சொல்லிப் பார்த்தாள். சொன்னபோது அந்த டம்ளர் நினைவுக்கு வந்தது, அடுப்படி மேடையில், கவிழ்த்து வைத்தபடி.

பஞ்சு ஈரமாகிவிட்டிருந்தது. அழவில்லை, மருந்துதான். யாரோ ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட, அதன் கொலுசு வாசல்வரை போய்த் திரும்பி வந்தது. டோக்கன் எண்பத்தாறு, அறை நான்கு.

"அப்புறம் எப்படி அண்ணாச்சி மாட்டுனீக?" மதினி விடுகிறவள் இல்லை.

"அதை ஏன் கேக்கீக. கடைசி வரி வரைக்கும் கடகடன்னு சொல்லிட்டேன். அந்தப் புள்ளைக்கு என்னமோ மாதிரி ஆயிட்டு போல. ரொம்பச் சரியாச் சொன்னாலும் சந்தேகம் வரும்லா. இன்னொரு கண்ணைக் காட்டுங்கன்னு சொல்லிட்டு, எனக்குத் தெரியாம பலகையைத் திருப்பிட்டா. பின்பக்கம் வேற எழுத்து. எனக்கு எங்க தெரியுது? நான் பழையபடி அதே எழுத்தை ராகம் போட்டுச் சொல்லுதேன். அவ வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கா. பலகையில இருந்தா பலகையோட மாறியிருக்கும். எம் மண்டைக்குள்ளல்லா இருந்தது!"

மதினி சிரித்த சிரிப்பில் நாற்காலி வரிசை முழுக்க ஆடியது. இரும்புக் கம்பியால் ஒன்றோடொன்று பிணைத்த நாற்காலிகள். செண்பா சிரிக்கவில்லை. கண்ணைத் திறந்துவிட்டாள். திறக்கக் கூடாது என்பது நினைவு வந்து உடனே மூடிக்கொண்டாள். அந்த ஒரு நொடியில் வெளிச்சம் மொத்தமாக உள்ளே கொட்டியது, வடிகட்டாமல், ஜன்னலும் சேலைகளும் விளிம்பில்லாத வெள்ளையாக. பலகையில் இருந்தால் பலகையோடு மாறியிருக்கும். 3081 இரண்டு தடவை வந்தது. முதல் தடவை ஒரு செவ்வாய்க்கிழமை. நட்சத்திரம் வலது மேல்மூலையில். தண்டு பத்து மணிக்கும் நாலு மணிக்கும் நடுவே முள் நிற்கிற மாதிரி சாய்ந்திருந்தது. பத்து நாள் கழித்து, திருப்பி வைத்த படமாக, வேறு எண்ணில் மறுபடி வந்தது. அப்போதும் யோசிக்காமல் ஆமா போட்டாள். போட்ட பிறகுதான் அந்த நட்சத்திரத்தை அடையாளம் தெரிந்தது, அட, நீயா என்று. அது இப்போது வலது கீழ்மூலையில் இருந்தது. படத்தைக் கால் சுற்று திருப்பியிருக்கிறார்கள். தண்டு? தண்டு எப்படி இருந்தது? அவசரப்படாதே. மேடம் கேட்காத கேள்வி இது; ஆமா இல்லை மட்டும்தான் பதிவாகும், சாய்வு எங்கேயும் பதிவாகவில்லை, அவளுக்குள் தவிர. திரையை மூடிய இமைக்குள் கொண்டுவந்து நிறுத்தினாள். மணல். நட்சத்திரம், வலது, கீழே. சுருள். நடுவில் தண்டு, ஒரு மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவே, கொஞ்சம் எழுந்து நிற்கிற மாதிரி. முதல் தடவை படுத்திருந்தது இரண்டாம் தடவை எழுந்திருக்கிறதே என்று அவள் அன்றைக்கே நினைத்தாள். தூங்கி எழுந்த மாதிரி என்று ஒரு அசட்டு நினைப்பு. அந்த அசட்டுத்தனத்துக்காகவே அது மறக்கவில்லை. பத்துக்கு மூன்றைக் கூட்டினால் ஒன்று. நாலுக்கு மூன்றைக் கூட்டினால் ஏழு. படத்தோடு திரும்பியிருக்கிறது. கண்ணில் இருப்பது எதற்குத் திரும்பப்போகிறது? பலகையில்தான் இருந்திருக்கிறது. அங்கேதான் இருக்கிறது.

நெஞ்சுக்குள் ஏதோ நிதானமாக உட்கார்ந்தது. அது முழுசாக உட்காருவதற்குள்ளேயே அதன் மறுபாதியும் வந்துவிட்டது, கூடப் பிறந்தது மாதிரி, சத்தமில்லாமல். அட்டையைத் திருப்பினாள். கை தானாகத் திருப்பியது. திருப்பிய அட்டையில் சுருக்கம் எங்கே இருந்தது? அட்டையோடு போகவில்லை. அதே இடத்தில், புள்ளிக்குக் கீழே, இடது தள்ளி, முன்பு இருந்தபடியே நின்றது. அதனால்தான் சிஸ்டர் திருப்பாதீங்க என்றபோது பிடிபட்டவள்போல் ஆனாள். பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுத்தான் இல்லை என்று சொல்லியிருக்கிறாள். சந்தேகமே இருக்கவில்லை. சந்தேகம் என்று பேர் வைத்துக்கொண்டாள். அப்படியானால் தண்டு மண்டலத்தில் இருக்கிறது, வளைவு தன் கண்ணில் இருக்கிறது. ஒன்றைக் காப்பாற்றிய அதே கணக்கு இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட அந்தக் கணக்கில் இடமில்லை. மின்விசிறி சுற்றுவது கேட்டது. டீசல் வாசனை, விபூதி வாசனை, மதினியின் தலையில் காலையில் வைத்த பிச்சிப்பூ வாடுகிற வாசனை. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

"மதினி, போன் எடுங்க. ரெபேக்கா மேடம்னு இருக்கும்."

"நீ பாக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காகள்லா. சொல்லு, நான் எழுதிப் போடுதேன்."

"எழுத வேண்டாம். பேசுதேன்."

நாத்தனார் தானாக யாரையும் போனில் கூப்பிட்டு மதினி பார்த்ததில்லை. காஸ் சிலிண்டருக்குக்கூட மதினிதான் பேச வேண்டும். பையின் ஜிப் திறந்தது. போன் காதில் வந்து குளிர்ச்சியாக ஒட்டியது. மணி போனது. நாலாவது மணியில் வைத்துவிடலாமா என்றிருந்தது.

"செண்பா? என்னம்மா, போன்லாம் பண்றே?"

"மேடம், 3081-ல தண்டு இருக்கு." அவள் குரல் அவளுக்கே கொஞ்சம் பெரிதாகக் கேட்டது. வரிசை முழுக்கக் கேட்கும். கேட்கட்டும். "ரெண்டு தடவை வந்துச்சு மேடம். ரெண்டாவது படம் கால் சுத்து திருப்பினது. தண்டும் கால் சுத்து திரும்பியிருந்துச்சு. முதல்ல பத்து, நாலு. அப்புறம் ஒண்ணு, ஏழு. நீங்க ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க."

அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம். நீண்ட நேரம். யாரோ மேடத்திடம் ஏதோ கேட்க, இரு, இரு என்றாள் மேடம். பிறகு, "ஒண்ணு, ஏழு... ம்ம். இதை முதல் நாளே ஏன் சொல்லலை நீ?"

"அப்ப தெரியல மேடம். பாத்திருந்தேன், ஆனா தெரியல."

"சரி, சேர்க்கறேன். நீ எங்கே இருக்கே, ஒரே சத்தமா இருக்கு?"

"கண் ஆஸ்பத்திரியில. சொட்டு விட்டிருக்காங்க, அதான் எழுத முடியல." இதோடு நிறுத்திக்கொள்ளலாம். "மேடம், என் இடது கண்ணுல ஏதோ இருக்கு. கோடு வளைஞ்சு தெரியுது. நீங்க தெரிஞ்சுக்கணும். ஆனா அது வேற, இது வேற."

"அது வேற, இது வேற," என்று மேடம் மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். "டாக்டர் என்ன சொன்னார்னு எனக்குச் சொல்லு. எழுதாதே. கூப்பிடு."

போனை நீட்டியபோது மதினியின் கை அதை வாங்காமல் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. "ஏட்டி. கோடு வளையுதா? எப்ப இருந்து?"

"அந்த டைல்ஸ் நேராத்தான் இருக்கு மதினி."

மதினிக்கு விளங்க நேரம் ஆனது. பிறகு பிடி இறுகியது. வலது பக்கத்தில் சுடலைமுத்து தொண்டையைச் செருமினார். "பாப்பா, உள்ள போனதும் இதைச் சொல்லிரு," என்றார். சற்றுப் பொறுத்து, தனக்குச் சொல்லிக்கொள்வதுபோல, "நானும் சொல்லத்தான் செய்யணும் போல," என்றார்.

டோக்கன் தொண்ணூற்றொன்று, அறை இரண்டு. மதினியின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கண் திறந்ததும் எல்லாம் விளிம்பு கலைந்து ஒளிர்ந்தது. தரை, சுவர், வெள்ளைச் சேலை கட்டிய சிஸ்டர்கள். மருந்தால் கண்பாவை அகலமாகத் திறந்திருக்கிறது, வருவதையெல்லாம் உள்ளே விடுகிறது. அறை இரண்டு இருட்டாக இருந்தது, இதமாக இருந்தது. மேசைக்குப் பின்னால் டாக்டரம்மா, முகம் தெரியவில்லை, கண்ணாடியின் மினுக்கம் மட்டும். தாளைப் பார்த்துக்கொண்டே, "கட்டம் நார்மல்னு போட்டிருக்கு. தாடையை இதுல வைங்கம்மா," என்றார்.

செண்பகவல்லி தாடையை வைக்கவில்லை. "அது நார்மல் இல்லை டாக்டர். நான் தப்பாச் சொல்லிட்டேன். இடது கண்ணுல ஒரு கோடு வளைஞ்சு தெரிஞ்சது."

பேனா நின்றது. "எந்த இடத்துல? ஞாபகம் இருக்கா?"

"நடுப் புள்ளிக்குக் கீழ, கொஞ்சம் இடது பக்கம். கடிகாரத்துல ஏழு மணி முள்ளு இருக்கிற இடம். புள்ளியிலிருந்து ரெண்டு கட்டம் தள்ளி ஆரம்பிக்குது, நாலாவது கட்டத்துல முடிஞ்சிருது. அட்டையைத் திருப்பிப் பாத்தேன். திருப்பினாலும் அது அங்கேயேதான் இருந்துச்சு."

டாக்டரம்மா தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். பிறகு தாளில் ஏதோ அடித்துவிட்டு, புதிதாக ஒரு வட்டம் போட்டு, அதற்குள் ஏழு மணி இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்தார்.

"நல்லா பாத்திருக்கீங்க," என்றார்.

அவள் தாடையை வைத்தாள். நெற்றியைப் பட்டையில் சாய்த்தாள். எங்கிருந்தோ மெல்லிய ஒரு வெளிச்சக் கோடு புறப்பட்டு, நேராக, அவளை நோக்கி வந்தது. இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.